ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்

மணி ஓய்ந்துவிட்டது. காவலர்கள் கதவுகளைச் சாத்துகிறார்கள், தாழ் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது, இனி எண்ணி முடிக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது, வேண்டாம், குலசேகரனும் உள்ளேதான் இருக்கிறார், எனக்கு அது போதும். முதல் வரிசையில் அவருடைய பின்மண்டை. மை பூசிய முடி, காதுக்குப் பின்னால் மை படாமல் விட்டுப்போன ஒரு வெள்ளைக் கீற்று, அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், கொறடாவிடம் யார் போய்ச் சொல்வது. ஆளுங்கட்சிக்காரர்கள் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எதற்கு மேசையைத் தட்ட வேண்டும் என்று சொல்கிறவர் அவர். எங்கள் எல்லாருடைய முழங்காலும் அவர் கையில். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ஒன்றரை வருஷமாக அந்த வெள்ளைக் கீற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சாமி கும்பிடக் கண்ணை மூடினால்கூட அதுதான் வந்து நிற்கிறது. சற்று முன்னால் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, சுகாதாரத் துறை மானியக் கோரிக்கைக்குக் குரல் ஓட்டு வேண்டாம், டிவிஷன் வேண்டும், தலையை எண்ணுங்கள் என்றபோது அந்தப் பின்மண்டை சட்டென்று திரும்பியது. எங்கள் ஆட்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இன்னும் சிலர் ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். குலசேகரன் வரிசைகளைப் பார்த்தார், உதடு அசைந்தது, கணக்கு முடிந்து தோள் இறங்கியது. ஒரு ஓட்டு கூடுதல். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். துறைக்கான பணத்தையே சபை மறுத்துவிட்டால் அரசாங்கம் நிற்காது, சாயங்காலத்துக்குள் முதலமைச்சரான எங்கள் தலைவர் கவர்னர் மாளிகைக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டியதுதான், அதெல்லாம் எனக்குத் தெரியும், உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கை வேர்க்கிறது, முதுகில் குளிர்சாதனக் காற்று அடிக்கிறது, இந்த மாதிரி ஒரு நாள் வராதா என்று நான் வேண்டாத கோயில் இல்லை, வந்துவிட்டது.

சபாநாயகர் முதல் பகுதியை எழச் சொல்கிறார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும். நிற்கிறார்கள், செயலக ஊழியர் ஒருவர் நடந்து நடந்து எண்ணுகிறார். எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும். அந்தப் பகுதியில் யாருமில்லை. நடுநிலை வகிப்பவர்கள். அதற்கும் இல்லை. இப்படி ஒவ்வொரு பகுதியாக வந்து கடைசியில்தான் எங்கள் பகுதி. நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால் எனக்கு அந்த விடுதி வந்துவிடும், கடற்கரை விடுதி, நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்னால் எங்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்த இடம். வாசலில் ஒரு பையன் துணிப்பை நீட்டினான், எல்லாரும் செல்போனை அதில் போட்டோம். குலசேகரன் சிரித்துக்கொண்டே, உங்க பாதுகாப்புக்குத்தான் சகோதரி, எவனாவது போன் பண்ணி மனசைக் கலைப்பான் என்றார். நானும் சிரித்துக்கொண்டேதான் போட்டேன். இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை, யாரும் பிடுங்கவில்லை, நானே போட்டேன். மூன்று வேளையும் பிரியாணி, மீன், ஐஸ்கிரீம், சாயங்காலம் கேரம் போர்டு, டி.வி. மட்டும் ஓடாது, கேட்டால் ரிப்பேர். என் அக்கா அஞ்சம்மாள் அப்போது ஊரில் முடியாமல் கிடந்தாள். முடியாமல் கிடப்பது அவளுக்குப் புதிதில்லை, வாரத்துக்கு இரண்டு தடவை நாகைக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு வருவாள், கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். சிறுநீரகம் ஏன் போனது என்று டாக்டர் கேட்டாராம், உப்பளத்தில் தண்ணி குடிப்பீங்களா என்று. எங்கே குடிக்கிறது, குடித்தால் ஒதுங்க இடம் வேண்டாமா, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி, ஒரு கருவேலம் புதர்கூடக் கிடையாது, விடிகாலையில் போனால் உச்சிவரைக்கும் வாயை நனைக்காமல் உப்பு வாரினாள், இருபது வருஷத்துக்கு மேல் வாரினாள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னை அந்த வெயிலில் இறங்க விடவில்லை. நீ படி பாப்பா என்றாள். நான் படித்து, சத்துணவு அமைப்பாளராகி, கட்சியில் மகளிரணிக்கு வந்து, எங்கள் தொகுதியைக் கட்சி ஒரு பெண்ணுக்கு என்று ஒதுக்கியபோது சீட்டு வாங்கி ஜெயித்து, முதல் நாள் சபைக்கு வந்தபோது கட்டியிருந்த பட்டுப்புடவை அவள் சீட்டு கட்டி எடுத்துக் கொடுத்தது.

வாக்கெடுப்பில் ஜெயித்தோம். நான் எழுந்து நின்றேன், என் பக்கத்தில் நின்றவர் ஏதோ சொன்னார், சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாரோ படம் பிடித்து மறுநாள் எல்லாப் பேப்பரிலும் போட்டார்கள், கொடிவாசல் தொகுதி உறுப்பினர் தமயந்தி மகிழ்ச்சி என்று. சால்வை எல்லாம் போர்த்தி முடித்தபிறகு குலசேகரன் என்னைத் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். மனசைத் திடப்படுத்திக்கம்மா, அக்கா தவறிட்டாங்களாம், இப்பத்தான் எனக்கே தகவல் வந்துச்சு. இப்பத்தான். நான் காரில் ஊர் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு மூடிவிட்டார்கள், வெயில் காலம், வைத்திருக்க முடியாது. அக்கா மகன் சிங்காரவேல் தலையை மழித்துக்கொண்டு வாசலில் நின்றான். நேத்து மத்தியானமே மாவட்டச் செயலாளர்ட்ட சொல்லிட்டேனே சித்தி, அம்மா உங்களக் கேக்குதுன்னு. மாவட்டச் செயலாளரிடம் கேட்டேன். கொறடாவுக்குப் போட்டேம்மா, லைன் போகல, அங்க டவர் இல்லைன்னு சொன்னாங்க, என் புள்ளைங்க மேல சத்தியம் என்றார். சத்தியம் பண்ணுகிறவனை அதற்கு மேல் என்ன கேட்பது. ஆக அந்த மத்தியானத்துக்கும் மறுநாள் ஓட்டுக்கும் நடுவில் செய்தி எங்கேயோ நின்றிருக்கிறது. எங்கே நின்றது. குலசேகரன் சட்டைப் பையிலா, நிஜமாகவே டவரிலா. இந்த இடத்துக்கு வந்தால் என் புத்தி சகதியில் மாட்டிய சைக்கிள் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், முன்னாலும் போகாது பின்னாலும் வராது. அவருக்குத் தெரிந்திருந்தால் அவரை நான் சும்மா விடக்கூடாது. தெரியாதிருந்தால். தெரியாமல் இருக்குமா. ஒவ்வொரு பண்டிகைக்கும் வேட்டி புடவை அனுப்புகிறார், அக்கா திதிக்கு அவரே வந்து படத்துக்கு மாலை போட்டார், தெரிந்த ஒருத்தனால் அப்படி வந்து போட முடியுமா, முடியும், அரசியலில் இருக்கிறவனுக்கு மாலை போடக் கை கூசாது.

இரண்டாவது பகுதி எழுகிறது. மாசிலாமணி அய்யா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. சபையிலேயே வயசானவர், எதிர்க்கட்சி, ஆனால் யாரிடமும் கோபமாகப் பேசிக் கேட்டதில்லை. போன கூட்டத்தொடரில் தனி ஆளாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கத்தின் உயிர் போகிற ஓட்டு, பட்ஜெட் பணத்துக்கான ஓட்டு, இந்த இரண்டுக்கு மட்டும் கட்சி உத்தரவு போடட்டும், மற்ற எல்லாவற்றிலும் உறுப்பினர் தன் தொகுதியைப் பார்த்து, தன் மனசைப் பார்த்து ஓட்டுப் போடட்டும், அதற்காகப் பதவியைப் பறிக்கக்கூடாது, இப்படிக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தைத் திருத்தும்படி மத்திய அரசைக் கேட்போம் என்றார். நல்ல பேச்சு. கட்சி மாறுகிறவனைத் தடுக்கப் போட்ட வேலி, இப்ப மாட்டையே மேய விடாம நிக்குது என்றார். எதிர்த்து ஓட்டுப் போடும்படி எங்களுக்குக் கொறடா உத்தரவு, அவர் கட்சியும் அவருக்குக் கைகொடுக்கவில்லை, நான் எழுந்து எதிர்த்து நின்றேன். உத்தரவு வேண்டாம் என்ற தீர்மானத்தை உத்தரவுக்குப் பயந்து எதிர்த்தேன். வெளியே வந்தபோது கேன்டீன் வாசலில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நீங்க எந்திரிச்சதப் பாத்தேம்மா, முட்டி எந்திரிச்சுது, முகம் எந்திரிக்கல என்றார். எனக்கு முகம் சிவந்து, என்ன அய்யா பண்றது என்றேன். ஒண்ணும் பண்ண முடியாது, அதனாலதான் சட்டம் கேட்டேன் என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டது கிடைத்திருந்தால் உப்பள நில மசோதாவுக்கு நான் எழுந்திருக்க மாட்டேன். பரம்பரையாக எங்கள் சனம் உப்பு வாரிய அரசு நிலத்தை மொத்தமாக ஒரு கம்பெனிக்குக் குத்தகை விடும் மசோதா. அதற்கும் நின்றேன். ஊருக்குப் போனால் பொம்பளைகள் கூட்டமாக வந்து, ஏன் எந்திரிச்சே என்றுதான் கேட்டார்கள், ஏன் ஓட்டுப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை, டி.வி.யில் நான் எழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான். எந்திரிக்கலைன்னா பதவி போயிடும் என்றேன். போனாப் போவுது, நாங்கதான குடுத்தோம் என்றாள் ஒரு கிழவி. ஆனால் அன்றைக்கு விடுதியில் நடந்தது மாசிலாமணி அய்யாவின் சட்டத்திலும் அடங்காது, அது அரசாங்கத்தின் உயிர் போகிற ஓட்டு, இன்றைக்கு நடப்பது பணத்துக்கான ஓட்டு, இரண்டிலும் அவரே உத்தரவு போடலாம் என்றுதானே சொன்னார். சரி, போடட்டும். எப்படி ஓட்டுப் போடு என்று சொல்லட்டும். எங்கே படு, யாரிடம் பேசு, உன் அக்கா செத்தால் எப்போது அழு என்று சொல்ல எந்தச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்தது.

நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எழாமல் உட்கார்ந்துவிட வேண்டியது. அவ்வளவுதான். ஒன்று குறைந்தால் இரண்டு பக்கமும் சமம், சமமானால் சபாநாயகர் தன் ஓட்டைப் போடலாம், அவர் எங்கள் ஆள், ஆதரித்துப் போடுவார், மானியம் நிறைவேறிவிடும், அரசாங்கம் தப்பிக்கும். குலசேகரன் மட்டும் தப்ப மாட்டார். தன் ஆட்களை எண்ணத் தெரியாத கொறடா என்று தலைவர் அவரை வைத்திருக்க மாட்டார், அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது, அவர் வீட்டு வாசலில் கார் நிற்காது, பின்மண்டைக்கு மை பூசிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். என் பதவியும் போகும், போகட்டும். அரசாங்கம் தப்பிக்க வேண்டும் என்று நான் நினைப்பது தலைவர் மேல் உள்ள பாசத்தால் இல்லை, ரெஜினாவால். அக்காவோடு விடிகாலை பஸ்ஸில் நாகைக்குப் போய்க்கொண்டிருந்தவள், மீன் விற்கிறவள், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறாள், அக்கா உட்காரும் ஜன்னலோர சீட்டில் இப்போது அவள் பை வைத்துக்கொள்கிறாள். கொடிவாசல் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் மெஷின் வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு, மந்திரி வீட்டு வாசலில் நின்று நின்று, இந்த வருஷ மானியத்தில்தான் வந்திருக்கிறது, மந்திரி இன்று காலை எங்கள் ஊர் பேரை வாசித்தார். போன வாரம் ரெஜினா, எப்பக்கா வரும், பஸ்ஸுல போயிட்டு வந்தா மறுநா எந்திரிக்க முடியல என்றாள். இந்த மாசம் ஓட்டுக்கு வருது, அப்பறம் வந்துடும் என்றேன். அரசாங்கம் கவிழ்ந்தால் வருகிறவன் எங்கள் ஊர் பேரை வாசிப்பானா, கிழிப்பான். அதனால் உட்கார்ந்தால் போதும், எதிர்த்து நிற்க வேண்டாம், நின்றால் அந்தப் பக்கம் ஒன்று கூடி ஆட்சியே கவிழ்ந்துவிடும். குலசேகரனுக்கு அடி, ரெஜினாவுக்கு மெஷின். ராத்திரியெல்லாம் யோசித்தாலும் இதைவிட நல்ல கணக்கு எனக்கு வந்திருக்காது, ஆனாலும் இவ்வளவு அளந்து பழி வாங்குகிறவள் அக்காவுக்காக வாங்குகிறாளா, இல்லை சிரித்த அந்தப் படத்துக்காகவா.

எங்கள் பகுதி. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும். நாற்காலிகள் எல்லாம் ஒன்றாக மடங்கும் சத்தம். எல்லாரும் நிற்கிறார்கள், என்னைச் சுற்றி வேட்டியும் சேலையுமாக ஒரு காடு, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் பழக்கத்தில் துடிக்கிறது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, எந்திரிங்கம்மா என்கிறார், ஞாபகமறதிக்காரிக்குச் சொல்வது மாதிரி. நான் முன்னால் பார்க்கிறேன். ஊழியர் எண்ணிக்கொண்டே வந்து என் அருகில் நிற்கிறார், ஒரு தடவை பார்க்கிறார், கடந்து போகிறார். எதிர்ப்பக்கம் சலசலப்பு. குலசேகரன் திரும்புகிறார். இதற்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன், இந்தத் திரும்பலுக்காக. வரிசை வரிசையாகத் தேடி அவர் கண் என்னிடம் வந்து நிற்கிறது, முதலில் புரியவில்லை, பிறகு புரிகிறது, கன்னம் தொங்கிவிடுகிறது. கையை மேலே மேலே ஆட்டுகிறார், எழு எழு என்று. நான் அசையவில்லை. எண்ணிக்கை சரியில்லை, மறுபடி எண்ணுங்கள் என்று எங்கள் பக்கம் யாரோ சத்தம் போட, சபாநாயகர் மறுபடி எண்ணச் சொல்கிறார், அவருக்கும் நேரம் வேண்டும். குலசேகரன் படியேறி வருகிறார், அறுபது வயசு ஆள், மூச்சு இரைக்கிறது, எதிர்க்கட்சிக்காரர்கள் கத்துகிறார்கள், அவர் காதில் விழவில்லை, என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். ஜவ்வாது வாசனை.

"ஏம்மா தமயந்தி, என்னம்மா இது. எந்திரிம்மா."

"ஒண்ணு கேக்கணும்ணே."

"எதா இருந்தாலும் அப்பறம் பேசிக்கலாம். தலைவர் பாத்துக்கிட்டு இருக்கார்."

"இப்பத்தான் கேக்கணும். எங்க அக்கா விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் என்னைப் பார்க்கிறார். இதுவா, இதற்கா என்று அந்தக் கண் கேட்கிறது. பின்னால் திரும்பித் தலைவரைப் பார்க்கிறார். நெற்றி வேர்வை மேசைமேல் சொட்டுகிறது.

"டவர் இல்லைன்னு சொல்லாதீங்க. நிசத்தச் சொன்னா எந்திரிக்கிறேன்."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எந்திரிப்பதாக என் கணக்கில் இல்லை. ஆனால் சொன்னதும் சத்தியமாகத் தோன்றுகிறது, நிசத்தைச் சொல்லட்டும், சொன்னால் எழுந்துவிடுகிறேன், மெஷின் வரட்டும், அவரும் பிழைத்துப் போகட்டும், எனக்கு அந்தச் சகதியிலிருந்து சைக்கிள் வெளியே வந்தால் போதும்.

"முந்தின நாள் மத்தியானமே தெரியும்மா" என்கிறார். குரல் தணிந்திருக்கிறது. "அப்ப அவங்க உயிரோடதான் இருந்தாங்க. உன்னை விட்டா நாலு பேர் நானும் போறேம்பான். ஒருத்தர் குறைஞ்சாலும் ஆட்சி போயிடும். நான்தான் சொல்ல வேணாம்னேன். தலைவருக்குக்கூடத் தெரியாது. ஆனா நான் மனசில்லாதவன் இல்லம்மா. மாவட்டச் செயலாளர்கிட்ட போனை அந்தம்மா காதுல வைக்கச் சொல்லி நானே பேசினேன். உங்க தங்கச்சி கிளம்பிட்டாங்க, வண்டியில வந்துக்கிட்டு இருக்காங்க, கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்கன்னேன். சரிய்யான்னாங்க. நிம்மதியாப் போகட்டுமேன்னுதாம்மா."

நிம்மதியாக. சிங்காரவேல் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சொன்னான், மருந்து வாங்கக் கடைக்குப் போயிட்டு வந்தேன் சித்தி, வந்ததுலேருந்து அம்மா ராத்திரி பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, பாப்பா வண்டியேறிடிச்சாம், வந்துக்கிட்டு இருக்காம், அவளுக்குச் சோறு எடுத்து வை, கதவைச் சாத்தாதேன்னு பொலம்பிக்கிட்டே இருந்துச்சு, விடியக்காலையில கண்ணு அப்படியே வாசப்பக்கமா நிலைச்சுப் போச்சு. சாகிறவளுடைய பிதற்றல் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். பிதற்றல் இல்லை. கட்சியின் கொறடா அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வாய்க்குத் தண்ணீர் இல்லாமல் உப்பு வாரினவள், யார் என்ன சொன்னாலும் நம்புகிறவள், சரிய்யா என்றிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்திருப்பேன். வரவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டு, அழுது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துச் செத்திருப்பாள். காத்திருந்து செத்திருக்க மாட்டாள். என்னிடம் ஒளித்ததைக்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேனோ என்னவோ, அவளை வாசலைப் பார்க்க வைத்தாரே.

"சொல்லிட்டேன்ல. எந்திரிம்மா" என்கிறார் குலசேகரன். கை கூப்பியிருக்கிறார். "உனக்கு வேணுங்கறத தலைவர்கிட்ட நான் வாங்கித் தர்றேன்."

"போய் உக்காருங்கண்ணே. எந்திரிக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கிறார், நம்புகிறார், படியிறங்கிப் போகிறார், போகும்போதே சபாநாயகரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், ஆச்சு என்று. நம்பிக்கொண்டு போகிற முதுகு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன், லேசாக இருக்கிறது, பாரம் இறக்கி வைத்த மாதிரி. ஆதரிப்பவர்களை மறுபடி எண்ணுகிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். ஊழியர் என்னைக் கடக்கும்போது நிற்கிறார், இன்னும் கொஞ்சம் நிற்கிறார், போகிறார். குலசேகரன் முதல் வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், இப்போது எழுவாள் இப்போது எழுவாள் என்று, வாசலைப் பார்ப்பதுபோல, பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். சபாநாயகர் இருமுகிறார். அமரலாம் என்கிறார். என்னைச் சுற்றி இருந்த காடு சரிந்து உட்காருகிறது. இதோடு நிறுத்தினால் ரெஜினாவுக்கு மெஷின் உண்டு. இதோடு நிறுத்தலாம், என் கணக்கு இதுதான், அடி அவருக்கு விழுந்துவிட்டது, அவர் முகத்தில் ரத்தமில்லை. ரெஜினா விடிகாலை இருட்டில் பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வீங்கின கால், எப்பக்கா வரும் என்கிறாள், வந்துடும் என்று நானும்தான் அவளுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இந்த வாயால், அந்த ஆள் சொன்ன அதே வார்த்தையை. என்னை அவள் நம்பினாள். அது தெரிகிறது, தெரியாமல் இல்லை, என்ன பாவம் இது என்று தோன்றுகிறது, ஆனாலும் அக்காவின் கண் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது, அதைத் தாண்டி என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

எங்கள் பகுதியில் யாரும் இல்லை என்று ஊழியர் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. முழங்கால் துடிக்கவில்லை, பதறவில்லை, யாரும் சொல்லாமல் அதுவே நிமிர்கிறது. நாற்காலி ஒன்று மட்டும் மடங்கும் சத்தம் சபை முழுக்கக் கேட்கிறது. இந்தச் சபையில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் எல்லார் தலையும் தெரியும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. தலைவர் தெரிகிறார். மாசிலாமணி அய்யா கண்ணாடியைக் கையில் பிடித்தபடி பார்க்கிறார், அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அவர் கேட்டது இது இல்லை. இன்னும் நின்றுகொண்டிருந்த குலசேகரன் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருகிறார். ஊழியர் ஓடி வருகிறார், சின்ன வயசு.

"அம்மா, எதிர்த்துத்தானே நிக்கிறீங்க? தப்பா எந்திரிச்சிடலையே?"

"இல்ல தம்பி. எழுதிக்கங்க."